கேரவனை எதில் பூட்டுவது?

ஆஸ்திரேலியாவில் பெரிய ஆஃப்-ரோடு கேரவன் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

22 அடி, இரட்டை ஆக்சில் ஆஃப்-ரோடு கேரவன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஏடிஎம் 3,500 கிலோ. விளம்பரத்தில் யூட் (பின்னால் திறந்த தட்டுள்ள பிக்கப்), வேகன் எல்லாமே ‘3.5 டன் இழுக்கும்’ என்கின்றன. இருப்பதில் விலை குறைந்ததை வாங்கினால் போதாதா?
*– பிரிஸ்பேன் வாசகர்*

போதாது. இழுப்பது ஒரு கணக்கு, தாங்குவது வேறு கணக்கு. விளம்பரம் முதலாவதை மட்டும் சொல்லும்.

நான்கு சுருக்கப் பெயர்களை மனதில் வையுங்கள். கேரவனைக் கழற்றி நிறுத்தி, தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் அதன் மொத்த எடைக்கான உச்சவரம்பு ஏடிஎம். வண்டியில் பூட்டியபின் கேரவனின் சக்கரங்கள் மேல் மட்டும் நிற்கும் எடைக்கு ஜிடிஎம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வண்டியின் டோபால் (கேரவனைப் பூட்டும் பந்து) மேல் இறங்குகிறது. நம் மாட்டுவண்டிக்காரர்கள் இதைத்தான் முன்பாரம் என்பார்கள்; நானும் அப்படியே சொல்கிறேன். இழுக்கும் வண்டியின் மொத்த எடை வரம்பு ஜிவிஎம். முன்பாரமும் இதற்குள்தான் அடக்கம். வண்டியும் கேரவனும் சேர்ந்த வரம்பு ஜிசிஎம்.

ஒரு கற்பனை யூட்டை எடுத்துக்கொள்வோம். காலி எடை 2,150, ஜிவிஎம் 3,050, ஜிசிஎம் 5,850, இழுதிறன் 3,500. ஜிவிஎம்மை மட்டும் பார்த்தால் 900 கிலோ ஏற்றலாம். முன்பாரம் 350 (கேரவன் எடையில் 10 சதவீதம்) போக 550 மிஞ்சும். தாராளம்தான். ஆனால் கேரவன் சக்கரங்கள் மேல் 3,150 இருக்கிறதே. 5,850-இல் அது போனால் வண்டிக்கு 2,700. அதிலிருந்து காலி எடையும் முன்பாரமும் போனால் மிச்சம் 200 கிலோ. கணவன், மனைவி, ஒரு பிள்ளை ஏறினால் முடிந்தது. ஃபிரிட்ஜ் வைக்க இடமில்லை. ஜிவிஎம், ஜிசிஎம், இழுதிறன் மூன்று எண்களும் உண்மை, ஆனால் மூன்றையும் ஒரே நாளில் பயன்படுத்த முடியாது.

இந்தக் கணக்கில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜிவிஎம்மோடு ஏடிஎம்மைக் கூட்டி ஜிசிஎம்மோடு ஒப்பிடுவார்கள். அப்படிச் செய்தால் முன்பாரம் இரண்டு முறை எண்ணப்படும். கூட்டவேண்டியது ஜிடிஎம்மை.

டொயோட்டா லேண்ட்குரூசர் 300 வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி எல்லாம் இருக்காது என்கிறார்கள். உண்மையா?
*– மெல்பர்ன் வாசகர்*

பாதி உண்மை. இதன் ஜிவிஎம் 3,280, ஜிசிஎம் 6,750, இழுதிறன் 3,500, முன்பார வரம்பு 350. வண்டியை முழுதாக ஏற்றி, கேரவன் சக்கரங்கள் மேல் 3,150 இருந்தாலும் மொத்தம் 6,430தான் வருகிறது. ஜிசிஎம் பக்கம் கவலையில்லை.

இடிக்கும் இடம் ஜிவிஎம். உயர்ரக வகைகளின் காலி எடையே 2,600 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஏற்ற மிஞ்சுவது சுமார் 650. முன்பாரம் 350 போனால் 300. நான்கு பேர் குடும்பத்துக்கு 230 வைத்தால் 70 கிலோ. அதற்குள் இரும்பு புல்பார், வின்ச், கூரைத் தட்டு, இழுப்பறைப் பெட்டி, இரண்டாவது பேட்டரி எல்லாம் அடங்காது. இவற்றை வரிசையாக மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் அநேகர் கேரவனைப் பூட்டுவதற்கு முன்பே விளிம்புக்கு வந்துவிடுகிறார்கள். எளிய ஜிஎக்ஸ் வகையில் 100 கிலோவுக்கு மேல் கூடுதலாக ஏற்றலாம். தோல் இருக்கையைவிட அந்த 100 கிலோ பெரிய சொகுசு என்பது என் கட்சி.

ஜிவிஎம்மை உயர்த்த முடியும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலியவற்றை மாற்றிச் சான்றிதழும் பெறவேண்டும். முதல் பதிவுக்கு முன்பே செய்துவிட்டால் மாநிலம் மாறினாலும் தொல்லை இல்லை. பதிவுக்குப் பிறகு என்றால் அந்தந்த மாநில விதிதான் பேசும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஜிவிஎம் உயர்ந்தால் ஜிசிஎம் தானாக உயராது. 6,750-இல் 3,150 போனால் 3,600. ஆகவே முழு எடைக் கேரவனோடு போகிறவருக்கு ஜிவிஎம்மை 3,600-க்கு மேல் உயர்த்துவது வீண்; தாளில் இருக்கும், சாலையில் பயன்படாது.

பின் ஸ்பிரிங்கோடு ஏர்பேக் (காற்றடிக்கும் பை) மாட்டினால் பின்பக்கம் தொங்காது என்று கடைக்காரர் சொன்னார். யூட்டுக்கு அது போதுமா?
*– அடிலெய்ட் வாசகர்*

பின்பக்கம் தொங்காது. ஆனால் தொங்குவது நோயல்ல, நோயின் அறிகுறி.

டோபால் பின் ஆக்சிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடைவெளி 2.85 மீட்டர், ஆக்சிலிலிருந்து டோபால் 1.25 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். அங்கே 350 கிலோ இறங்கினால் பின் ஆக்சில் வாங்குவது 350 அல்ல, சுமார் 500. கூடுதல் 150 எங்கிருந்து வந்தது? ஏற்றக்கோல் போல முன்பக்கம் தூக்கப்பட்டு, முன் சக்கரங்கள் இழந்த எடை அது. ஸ்டியரிங் லேசாவதும், எதிரே வருகிறவர் உங்கள் விளக்கைப் பார்த்துத் திட்டுவதும் இதனால்தான். ஏர்பேக்கில் காற்றடித்தால் வண்டி மட்டமாகத் தெரியும். ஆக்சில் மேல் உள்ள 500 அப்படியே இருக்கும். எந்த வரம்பும் ஒரு கிலோகூட உயராது.

யூட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லீஃப் ஸ்பிரிங் தன் இரண்டு முனைகளிலும் சேசிஸைத் தாங்குகிறது. ஏர்பேக் நடுவில், ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. பின்னால் கனமான கேனப்பி (தட்டின் மேல் வைக்கும் மூடிய சாமான் பெட்டி), அதற்கும் பின்னால் கேரவன், முன்னால் இன்ஜின். இந்த நிலையில் வண்டி மேடுபள்ளத்தில் விழுந்து எழும்போது சேசிஸ் அந்த முட்டின் மேல் மடிகிறது. வழக்கமாகக் கேபினுக்குப் பின்னால், ஏர்பேக்குக்குச் சற்று முன்னால் வளையும். கேபினுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தெரிந்தால் வளைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நேராக்குவது பெரிய செலவு. ‘அளவுக்கு மேல் ஏற்றியிருந்தீர்கள்’ என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வாய்ப்பு அதிகம்.

யூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீண்ட சக்கர இடைவெளி நேர்ச்சாலையில் நன்றாக நிலைக்கும். கேனப்பியில் கனமான சாமான்களைக் கேபின் பக்கம் ஒட்டி வையுங்கள். உதிரிச் சக்கரங்களையும் ஜெர்ரி கேன்களையும் பின்கதவில் தொங்கவிடாதீர்கள். கேரவன் எடையை 3 டன்னுக்குள் நிறுத்துங்கள். அப்போது யூட் நல்ல வண்டி.

முன்பாரம் எவ்வளவு இருக்கவேண்டும்? வீட்டில் எப்படி அளப்பது?
*– டார்வின் வாசகி*

கேரவன் எடையில் 10 சதவீதம் என்பது ஆஸ்திரேலியாவில் புழங்கும் பொதுக் கணக்கு. மிகக் குறைந்தால் கேரவன் வாலாட்டும். மிகக் கூடினால் வண்டியின் பின் ஆக்சில் நசுங்கும். முன்பாரம் அளக்கும் சிறு தராசு கடைகளில் கிடைக்கிறது. கேரவனைச் சமதளத்தில், பூட்டும் உயரத்திலேயே வைத்து அளக்கவேண்டும். முன்முனை ஓர் அடி தாழ்ந்திருந்தால் எண் மாறிவிடும்.

ஆனால் ஒருமுறையாவது எடைமேடைக்குப் போய்வாருங்கள். தண்ணீர், எரிபொருள், ஆட்கள், உணவு எல்லாம் பயண நாளில் இருக்கிறபடியே இருக்கட்டும். முதலில் பூட்டிய நிலையில் வண்டியின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றுங்கள். அடுத்து கேரவன் சக்கரங்களை மட்டும். பிறகு கேரவனைக் கழற்றி, ஜாக்கி வீலோடு (முன்முனையைத் தாங்கும் சிறு சக்கரம்) சேர்த்து அதை மட்டும். முடிந்தால் வண்டியின் பின் ஆக்சிலையும் தனியே.

ஓர் உதாரணம். மேலே சொன்ன 3,280 ஜிவிஎம் வண்டி, பூட்டிய நிலையில் 3,310 காட்டுகிறது. கேரவன் சக்கரங்கள் மேல் 3,050. கழற்றினால் கேரவன் 3,420. முன்பாரம் 3,420-இல் 3,050 போக 370. கேரவன் தன் 3,500-க்குள் ஒழுங்காக இருக்கிறது. வண்டிதான் 30 கிலோ அதிகம். முன்பாரமும் 350-ஐத் தாண்டி 20 அதிகம்.

இதைச் சரிசெய்ய எதையும் விற்கவேண்டியதில்லை. ஆக்சிலுக்கு 1.6 மீட்டர் முன்னால் 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, டோபாலுக்கும் ஆக்சிலுக்கும் 5 மீட்டர் என்று கொள்வோம். அந்தத் தொட்டியைக் காலி செய்தால் முன்பாரம் சுமார் 30 கிலோ குறையும்: 95-ஐ 1.6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் கிடைப்பது அது. முன்பாரம் 340, வண்டி 3,280. விளிம்பில் நிற்கிறீர்கள், ஆனால் உள்ளே. இதே காரணத்தால், வழியில் பின் தொட்டித் தண்ணீரை முதலில் செலவழித்தால் முன்பாரம் ஏறிக்கொண்டே போகும். கேரவனில் இரண்டு தொட்டி இருந்தால் எது முன்னால், எது பின்னால், எந்தக் குழாய் எதைத் திறக்கிறது என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முன்பாரத்தைக் குறைக்கிறேன் என்று கேரவனின் பின் பம்பரில் இரண்டு உதிரிச் சக்கரமும் சைக்கிள்களும் மாட்டுகிறவர்கள் உண்டு. தராசு எண் சரியாகிவிடும். ஆனால் இரண்டு நுனியிலும் பாரம் கட்டிய கழிபோல, ஆடத் தொடங்கினால் நிற்காது. கனத்தை ஆக்சிலுக்குப் பக்கத்தில், தரைமட்டத்தில் வைப்பதே சரி.

ஓடும்போது கேரவன் பாம்புபோல நெளிந்தால் என்ன செய்ய?
*– கான்பெரா வாசகர்*

வண்டியின் பிரேக்கை அழுத்தவேண்டாம், ஸ்டியரிங்கைத் திருப்பிப் போராடவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, டாஷ்போர்டில் உள்ள கேரவன் பிரேக் கண்ட்ரோலரின் கைப்பொத்தானால் கேரவன் பிரேக்கை மட்டும் போடுங்கள். பின்னாலிருந்து இழுபட்டு இரண்டும் நேராகிவிடும். அந்தப் பொத்தான் இருட்டிலும் கை போய்த் தொடும் இடத்தில் இருக்கவேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒளித்து வைத்துக் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள்.

பிரேக், மின் இணைப்பு விஷயத்தில் வண்டியில் என்னென்ன இருக்கவேண்டும்?
*– சிட்னி வாசகர்*

ஜிடிஎம் 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்கும் வசதி, கேரவன் கழன்று ஓடினால் தானே பிடிக்கும் பிரேக்அவே ஆகியவை கட்டாயம். பிரேக்அவே பிடித்த பிடியைக் குறைந்தது 15 நிமிடம் விடக்கூடாது. அதன் பேட்டரி நிலையைக் காட்டும் கருவி வண்டிக்குள் இருக்கவேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் கேட்கிறது. 3,500 கிலோ கேரவனுக்குப் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு.

கண்ட்ரோலரை அளவுபடுத்த, சமமான காய்ந்த சாலையில் 30 கி.மீ. வேகத்தில் கைப்பொத்தானை முழுதாக அழுத்துங்கள். கேரவன் சக்கரம் பூட்டிக்கொள்ளும் கட்டத்துக்குச் சற்று முன் நிற்கும்படி வையுங்கள். கரடுமண் சாலையில் அதே அளவு அதிகம். தாரை விட்டு அதில் இறங்கும்போது குறைத்துவிடவேண்டும், இல்லையென்றால் டயர் சறுக்கியே தட்டையாகும்.

கேரவன் பேட்டரிக்கு 50 ஆம்ப் ஆண்டர்சன் பிளக் தனியாக. இப்போதைய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப வோல்ட்டேஜைக் குறைத்துவிடும் என்பதால், கேரவன் பக்கம் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் பேட்டரி நிறையாது. கம்பி மெலிதாக இருந்தால் நீண்ட தூரத்தில் வோல்ட்டேஜ் விழும். ‘6 பி அண்ட் எஸ்’ என்ற அளவுக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள், ‘6 மி.மீ.’ என்பது அதைவிட மிக மெலிந்த வேறொரு கம்பி.

டீசலா, பெட்ரோல் வி8-ஆ?
*– பெர்த் வாசகர்*

இழுக்கும் வலு இரண்டிலும் உண்டு. லேண்ட்குரூசர் 300-இன் 3.3 லிட்டர் டீசல் 700 நியூட்டன் மீட்டர். நிசான் பேட்ரோல் ஒய்62-இன் 5.6 லிட்டர் பெட்ரோல் வி8 560. ஒய்62 ஜிவிஎம் 3,500, ஜிசிஎம் 7,000 என்று கணக்கிலும் தாராளம்; விலையும் குறைவு. வித்தியாசம் பம்பில் தெரியும். 3 டன்னுக்கு மேல் உயரமான கேரவன் என்றால் டீசல் 100 கிலோமீட்டருக்கு 18 முதல் 22 லிட்டர், வி8 25 முதல் 30 என்று எதிர்பாருங்கள். எதிர்க்காற்று அடித்தால் இதுவும் தாண்டும். 110 லிட்டர் டீசல் டேங்கும் 140 லிட்டர் பெட்ரோல் டேங்கும் கடைசியில் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் காலியாகும், 500 கி.மீ. பக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பியில் தொடங்கும் கிப் ரிவர் சாலை மட்டுமே 660 கி.மீ. கடற்கரையை விட்டு நாட்டின் உட்பகுதிக்குப் போனால் டீசல் எங்கும் கிடைக்கும். பெட்ரோல் என்றால் பல இடங்களில் 91 ஆக்டேன் ஓபல் வகைப் பெட்ரோல் மட்டுமே. ஆண்டுக்கு இரண்டு முறை, தார்ச்சாலை ஓரம் என்றால் பேட்ரோல். மாதக்கணக்கில் நாட்டின் உட்பகுதியில் என்றால் டீசல்.

எதுவானாலும் கியர்பாக்ஸ் சூட்டைப் பாருங்கள். உச்ச கியரில் விட்டால் மேட்டில் கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டர் பூட்டுத் திறந்து திறந்து மூடும், ஆயில் கொதிக்கும். ஒரு கியர் இறக்கிப் பிடித்து ஓட்டினால் இன்ஜின் கொஞ்சம் சத்தம் போடும், கியர்பாக்ஸ் நிம்மதியாக இருக்கும். ஆயில் சூடு 120 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஆற்றுங்கள்.

எங்கள் கேரவன் 4 டன். ரேம் 1500 என்ற பெரிய அமெரிக்க யூட் போதும்தானே, 4.5 டன் இழுக்குமாமே?
*– கோல்ட் கோஸ்ட் வாசகர்*

இழுக்கும், 70 மி.மீ. டோபால் இருந்தால். 50 மி.மீ. பந்துக்கு 3,500-தான் எல்லை. ஆனால் அதே கணக்கு இங்கும் துரத்துகிறது. ஜிவிஎம் 3,450; ஏற்றக்கூடியது வகையைப் பொறுத்துச் சுமார் 700 முதல் 800 கிலோ. 4 டன்னுக்கு முன்பாரம் 400. மிச்சத்தில் குடும்பமும் கேனப்பியும் அடங்கவேண்டும். பெரிய உடம்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. சாமானும் நிறைய என்றால் ரேம் 2500 போல ஜிவிஎம் 4.5 டன்னை ஒட்டியதைப் பாருங்கள்; அதுவரை சாதாரணக் கார் லைசென்ஸே போதும். கிட்டத்தட்ட 6 மீட்டர் வண்டியும் 9 மீட்டர் கேரவனும் குறுகலான முகாமிடத்தில் எப்படித் திரும்பும் என்பதையும் யோசியுங்கள். 4 டன்னை மணலிலிருந்து மீட்க ஆள் தேடவேண்டும்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (முன்பாரத்தைப் பகிர்ந்துவிடும் கம்பி இணைப்பு) போடலாமா?
*– ஹோபார்ட் வாசகர்*

நெடுஞ்சாலையில் போடலாம், உங்கள் வண்டியின் கையேடு அனுமதித்தால். அதன் கம்பிகள் முன் சக்கரங்கள் இழந்த எடையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் தார் முடியும் இடத்தில் கழற்றிவிடவேண்டும். ஓடைப் பள்ளத்தில் வண்டி ஒரு கோணமும் கேரவன் ஒரு கோணமுமாக நிற்கும்போது கம்பி வளையும், அல்லது டோபால் பொருத்திய டோபார் வளையும். கரடுமுரடான இடத்துக்கு எல்லாப் பக்கமும் சுழலும் டிஓ35 போன்ற இணைப்பு வேண்டும். டிஓ35 3,500 கிலோ வரை; அதற்கு மேல் டிஓ45.

கேரவன் சக்கரமும் வண்டிச் சக்கரமும் ஒன்றாக இருக்கவேண்டுமா?
*– ஜீலாங் வாசகி*

கட்டாயமில்லை, இருந்தால் பெரிய வசதி. இரண்டுக்கும் ஒரே உதிரிச் சக்கரம், கூடவே 35 கிலோ மிச்சம். கேரவன் ஆர்டர் கொடுக்கும்போதே போல்ட் அமைப்பைச் சொல்லுங்கள். லேண்ட்குரூசர் 200 வரிசைக்கும் 70 வரிசையின் 79-க்கும் 5 போல்ட், 150 மி.மீ.; 300 வரிசைக்கும் பல யூட்டுகளுக்கும் 6 போல்ட், 139.7 மி.மீ. மணலில் இரண்டின் தடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மணலின் எதிர்ப்பு குறையும். 70 வரிசையில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் உள்ள இடைவெளியே முன்னதைவிடச் சுமார் 9.5 செ.மீ. குறுகல், அதனால் தன் தடத்தைத் தானே இரண்டாக வெட்டிக்கொண்டு போகும்.

மின்சார வண்டியால் இழுக்கலாமா?
*– மெல்பர்ன் வாசகர்*

சிறிய கேரவனோடு, நகரை ஒட்டி என்றால் சரி. பெரிய ஆஃப்-ரோடு கேரவன் பூட்டினால் ஓடும் தூரம் பாதியோ அதற்கும் கீழோ ஆகும். சார்ஜர்கள் பெரும்பாலும் காரை மூக்கை நுழைத்து நிறுத்தும்படி அமைந்தவை. ஒவ்வொரு முறையும் கேரவனைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறேன். முன்பு கேரவன் இழுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*– டவுன்ஸ்வில் வாசகர்*

இழுத்தது தவறல்ல, எப்படி இழுத்தது என்பதுதான் கேள்வி. டோபாரில் ஒட்டிய தகட்டில் வரம்பு எழுதியிருக்கும், பாருங்கள். அடியில் படுத்து, டோபார் சேசிஸில் சேரும் போல்ட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் விரிசல், துருக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் விலகிவிடுங்கள். பின் லீஃப் ஸ்பிரிங் காலி வண்டியிலேயே தட்டையாக இருந்தால், வழக்கமாக அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஜிவிஎம் உயர்த்தியது என்று விற்பவர் சொன்னால், கதவுச் சட்டத்தில் அதற்கான புதிய தகடு ஒட்டியிருக்கவேண்டும். தகடும் சான்றிதழும் இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் தடிமனாக இருந்தால், பழைய ஜிவிஎம்தான் செல்லும் என்று வைத்து விலை பேசுங்கள்.